பூட்டாத வைஃபை

மாடி வீட்டுக் கதவைக் கீழ்வீட்டுக்காரர் மூன்றாவது முறையாகத் தட்டினார். இடது கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

கதவைத் திறந்தவள் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவள். தனியாள். காதில் பென்சில் செருகியிருந்தாள். அவள் குடிவந்த ஆறு மாதத்தில் இருவரும் பேசிக்கொண்டது குப்பைக் கூடையை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டும்தான்.

"உள்ள வாங்க சார்."

"உக்கார வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு வைஃபையை நீங்க யூஸ் பண்ணினீங்களா, இல்லையா?"

"பண்ணினேன் சார். வந்த புதுசுல எனக்குக் கனெக்‌ஷன் இல்லை. உங்களோடது பாஸ்வேர்ட் இல்லாம திறந்து கிடந்துச்சு. அப்படியே பழகிட்டேன். கேட்டிருக்கணும், தப்புதான்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அதிலும் ஏதோ தந்திரம் இருப்பதாகப் பட்டது. பெரியதை மறைக்கச் சின்னதை விட்டுக்கொடுக்கிறாள்.

"கதவு திறந்திருந்தா அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சிடலாமா? சட்டப்படி இதுக்கு என்ன பேருன்னு தெரியுமா? அதோட விட்டீங்களா, என் வேலைக்கே உலை வெச்சுட்டீங்க."

தாளைப் பிரித்து அவள் மேஜைமேல் போட்டார்.

அவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட்டைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது அவர் வேலை. பன்னிரண்டாம் தேதி ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பார்க்காமலேயே அவர் சான்று கொடுத்துவிட்டதாக மேலதிகாரிக்குப் பெயரில்லாத ஈமெயில் ஒன்று வந்திருந்தது. அதன் நகல்தான் அந்தத் தாள். எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் துருவிப் பார்த்தார்.

"சார், இது உங்க வீட்டு கனெக்‌ஷன்லேருந்துதான் வந்திருக்கு" என்று கம்ப்யூட்டர்காரர் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் விசாரணை. மனைவிகூட சில நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விஷயம் அவள் காதுக்கும் எட்டிவிட்டதோ என்னவோ.

"நான் இதை எழுதலை சார்" என்றாள் பிழை திருத்துபவள்.

"வேற யாரு? இப்படிக் கோர்வையா எழுத இந்தக் கட்டடத்துல உங்களைத் தவிர யாருக்கு வரும்?"

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு வரியைத் தொட்டாள். "'கையெழுத்து போட்டு'ன்னு இருக்கு. நடுவுல ஒற்று வரணும். நான் எழுதியிருந்தா அதை விட்டிருக்க மாட்டேன்."

"விளையாடாதீங்க. பன்னெண்டாம் தேதி என் வண்டி நாள் முழுக்க கீழேயே நின்னுச்சு. மேல ஜன்னலோரமா உக்காந்திருக்கிற உங்களுக்கு மட்டும்தானே அது தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நீங்க அன்னைக்குப் போகவே இல்லையா சார்?"

"நல்லா ஓடுற லிஃப்ட்டைப் போய் என்ன பாக்குறது? பேச்சை மாத்தாதீங்க."

அவள் பேச்சை மாற்றவில்லை. தாளின் மேல்வரியைப் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "உங்க வைஃபைக்கு பாஸ்வேர்ட் போட்டீங்களே, அது என்னைக்கு?"

"திங்கக்கிழமை சாயங்காலம். கனெக்ட் ஆகியிருக்கிற லிஸ்ட்ல தெரியாத போன் ஒண்ணு இருந்துச்சு. உங்களோடதுதான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு."

"சரிதான். அன்னையிலேருந்து எனக்கு வரலை. மறுநாளே சொந்தமா கனெக்‌ஷன் வாங்கிட்டேன்." தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இது போனது புதன்கிழமை சார். காலையில ஆறு பத்துக்கு."

அவர் குனிந்து அந்த வரியை இரண்டு முறை படித்தார். தாள் கைக்கு வந்ததிலிருந்து அவர் கண் தன் பெயரைத் தவிர வேறெதிலும் போயிருக்கவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. டியூட்டி முடிந்து வந்த மனைவி, கணவனின் குரல் மாடியில் கேட்டு மேலே ஏறி வந்திருந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.

அவர் அவசரமாக அவள் பக்கம் திரும்பினார். "நல்ல வேளை, வந்துட்டே. புது பாஸ்வேர்ட் நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். நீ யார்கிட்டயாவது சொன்னியா? கூட வேலை பாக்குறவங்க, பக்கத்து வீடு, யாருன்னாலும் பரவாயில்லை, சொல்லு."

மனைவி மேஜையில் கிடந்த தாளைப் பார்த்தாள். பிறகு பிழை திருத்துபவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்கக்கா" என்றாள்.

"அவங்ககிட்ட நீ எதுக்கு மன்னிப்பு கேக்குற? கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"யார்கிட்டயும் சொல்லலைங்க. செவ்வாய்க்கிழமை எங்க ஆஸ்பத்திரியில, நீங்க பாக்காமலே கையெழுத்துப் போட்ட அந்த லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னு போச்சு. உள்ள ஸ்ட்ரெச்சர்ல ஒரு குழந்தை, பக்கத்துல நான்." தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நான்தான் எழுதினேன்."