மாம்பூவுக்கு மத்தி

காபித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன மாப்பிள்ளையின் அம்மா, அப்படியே நிறுத்தி மூக்கைச் சுளித்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த செல்வலட்சுமியும் மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

எது வரக்கூடாது என்று காலையிலிருந்து குலசாமியை வேண்டிக்கொண்டிருந்தாளோ, அது ஆசாரத்துக்குள்ளேயே, எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்துக்குள்ளேயே, நுழைந்துவிட்டது. அழுகின மத்தி மீன் நாற்றம்.

மகள் ஜானவிக்கு இருபத்தேழு முடியப்போகிறது. இரண்டு ஜாதகம் பொருந்தி வந்து கடைசியில் நழுவிப்போயின. இது மூன்றாவது. பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது. அவன் அப்பா சுற்றுவட்டார மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், கொழிஞ்சாம்பாறையில் மாடி வீடு. இதுவும் தட்டிப்போனால் சொந்தபந்தங்களின் வாயில் விழுந்து எழ முடியாது.

நாற்றத்துக்குக் காரணமும் ஜானவிதான்.

மூன்று வருஷமாக அவர்கள் மாந்தோப்பில் பூவுக்குக் குறைவில்லை, காய்தான் இல்லை. பழைய குத்தகைக்காரர் மொட்டு விடும்போதே பூச்சிமருந்தடிக்க ஆரம்பிப்பார், பூ முடிகிறவரை நிறுத்தமாட்டார். மரமெல்லாம் கல்யாண வீடு மாதிரி நிற்கும். உள்ளே போய் நின்றால் ஒரு தேனீயின் சத்தம்கூடக் கேட்காது. பிறகு அத்தனை பூவும் கருகி உதிரும். கடைசியில் அவரும் தோப்பைக் கைவிட்டுப் போனார்.

அப்போதுதான் ஜானவி மொபைலில் எதையோ பார்த்துவிட்டு, சந்தையிலிருந்து மீன் கழிவை வாங்கிவந்து, வெங்காய வலைப்பைகளில் போட்டு மரத்துக்கு மரம் தொங்கவிட்டாள்.

“பூ பூத்தாப் போதுமாம்மா? ஈ வந்து உக்காந்தாத்தானே காய் புடிக்கும்?”

ஊரே சிரித்தது. ஆனால் ஈ வந்தது. எங்கே ஒளிந்திருந்தனவோ, பச்சையும் நீலமுமாக வந்து பூங்கொத்துகளில் மொய்த்தன. பின்னாலேயே நாலைந்து தேனீயும் எட்டிப் பார்த்தன. போன வாரம் செல்வலட்சுமியே ஒரு கிளையை வளைத்துப் பார்த்தாள். கடுகு கடுகாகப் பிஞ்சு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெண் பார்க்க வருகிற இன்று ஒருநாளாவது பைகளை அவிழ்த்துவிடலாம் என்றார் அவள் கணவர் நல்லதம்பி. அவள்தான் வேண்டாம் என்றாள். தோப்பு வீட்டுக்கு மேற்கே. தை மாதக் காற்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து, கிழக்கேயிருந்து, ஆளைத் தள்ளுகிற மாதிரி அடிக்கும். நாற்றம் மேற்கே பறந்துவிடும், வீட்டுப் பக்கம் தலைகாட்டாது. விடிந்ததும் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் காற்றுப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உயிரே வந்தது.

பையனின் அப்பாவுக்கு மூக்கடைப்போ என்னவோ, பேச்சை நிறுத்தவில்லை.

“கண்ணாலம் முடிஞ்சுதுன்னா தோப்பை நாங்களே பாத்துக்கறமுங்க. மொட்டுலயே மருந்தடிச்சுப்போடோணும். அப்பறம் ஒரு ஈ, எறும்பு கிட்ட வரக்கூடாது.”

நல்லதம்பி தலையாட்டினார். வேறென்ன செய்வார். செல்வலட்சுமிக்கு அந்தக் கடுகுப் பிஞ்சுகள் ஞாபகத்துக்கு வந்து நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் பிஞ்சு பெரிதா, பெண் பெரிதா?

“ஏனுங்க, என்னமோ செத்து நாறுதுங்களே?” என்று மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் பிண நாற்றமா என்று அவள் கண் கேட்டது.

நாய் ஏதாவது கிடக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று செல்வலட்சுமி எழுந்து ஓடினாள். பாழாய்ப்போன காற்று நின்றுவிட்டதா?

வாசலில் இறங்கியதும் முந்தானை பின்பக்கமாகப் பறந்தது. காற்று நிற்கவில்லை. திசையும் மாறவில்லை. அதே கிழக்குக் காற்று, நாற்றத்தோடு முகத்தில் அறைந்தது.

கிழக்கே ஏது மீன்?

மோட்டார் ரூமின் ஓட்டு விளிம்பில் சிவப்பு வலைப்பை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மாமரம் என்று ஒரு குச்சிகூடக் கிடையாது. ஈ வந்தாலும் உட்கார ஒரு பூ இல்லை. நேற்றுச் சாயங்காலம் அவள் மோட்டார் போட வந்தபோது பையும் இல்லை.

அதைக் கட்டியிருந்தது ஜானவியின் பழைய சுரிதார் ஷாலிலிருந்து கிழித்த துண்டு.

முதலில் கோபம்தான் வந்தது. உள்ளே போய் நாலு அறை விடலாமா என்றிருந்தது. பிறகுதான் உறைத்தது. இந்தச் சம்பந்தம் சரிவருமா என்று ஜோசியரைக் கேட்டார்கள், தாய்மாமனைக் கேட்டார்கள், பங்காளிகளைக் கேட்டார்கள். ஜானவியை யாரும் கேட்கவில்லை. பெற்றவளும் கேட்கவில்லை.

பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, மறுபேச்சில்லாமல் காபி கொண்டுவந்து கொடுத்தாளே, அதற்கு முன்பே தன் பதிலை இங்கே தொங்கவிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

பையை அவிழ்க்கக் கை போனது. ஒரு நிமிஷ வேலை. அவிழ்த்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினால் இன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம். ஆசாரத்திலிருந்து பையனின் அப்பாவின் குரல் கேட்டது. எந்த மருந்தை எதோடு கலக்க வேண்டும் என்று நல்லதம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிச்சு லேசாகத் தளர்ந்திருந்தது. இந்தக் காற்றுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும் போலிருந்தது.

செல்வலட்சுமி பையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்து, முடிச்சை நன்றாக இறுக்கிக் கட்டினாள்.

திரும்புகிற வழியில் குழாய் இருந்தது. அதைத் தாண்டி நடந்தாள்.

உள்ளே வந்து, தட்டிலிருந்து ஒரு லட்டை அந்தக் கையாலேயே எடுத்து, சிரித்த முகமாக நீட்டினாள்.

“ஒண்ணுமே இல்லீங்க. இன்னொண்ணு எடுத்துக்குங்க, சம்பந்தியம்மா.”