ஆறுதல் சொல்லாத பெண்

இந்தக் காலத்தில் பயத்துக்கும் மேல்படிப்பு வைத்துவிட்டார்கள் என்று பெரியவர் முணுமுணுக்கிறார். மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறந்து கிடக்கிறது. உள்ளிருக்கும் வெள்ளை வெளிச்சம் அவர் மகளின் செருப்பு நுனிவரை வந்து நிற்கிறது. திங்கட்கிழமை அவள் பதினோராம் மாடியில் வேலைக்குச் சேர வேண்டும். லிஃப்டைக் கண்டாலே அவளுக்குப் பயம். பக்கத்தில் மனநலம் படிக்கும் மாணவி. சற்றுத் தள்ளி அவளுடைய ஆசிரியை, சுவரில் சாய்ந்தபடி மாணவியையே கவனிக்கிறார். "ஒண்ணும் ஆகாதும்மா, ஏறு," என்கிறார் பெரியவர். "ஐயா, அதை மட்டும் சொல்லாதீங்க. ஆகுதா இல்லையான்னு அவங்களே பார்க்கட்டும்," என்கிறாள் மாணவி. ஆறுதல் சொல்லாத வைத்தியமும் ஒரு வைத்தியமா என்று அவருக்கு எரிகிறது. அவள் மகள் பக்கம் திரும்பி, "நூத்துக்கு எவ்வளவு பயம்?" என்று கேட்கிறாள். "தொண்ணூறு." "சரி, தொண்ணூறோடவே போவோம்." மாணவியின் குரலில் துளி நடுக்கமில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் அவள் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருக்கின்றன. அது பெரியவர் கண்ணில் படுகிறது. நெஞ்சழுத்தக்காரிதான். இருவரும் உள்ளே போக, கதவு மூடுகிறது. மேலே சிவப்பு எண்கள் பதினொன்றுவரை போய், நின்று, நிதானமாகத் திரும்பி வருகின்றன. கதவு திறக்கும்போது மகளின் நெற்றி வேர்வையில் மினுங்குகிறது. "அம்பதுப்பா. யாரும் ஒண்ணும் சொல்லல, தானா இறங்கிடுச்சு." மாணவி வெளியே வந்து, "இப்ப நான் இல்லாம போங்க," என்கிறாள். சுவரோரம் ஆசிரியையின் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்க்கிறது. மகள் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, "வாங்கப்பா, கீழ போலாம்," என்று கூப்பிடுகிறாள். பெரியவர் அந்தச் சின்ன வெளிச்சப் பெட்டியை ஒருமுறை பார்க்கிறார். "ஏத்தி இறக்கறதுக்கு ஒரு படிப்பாக்கும்," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு படியில் இறங்குகிறார்.