மெழுகில் முக்காதது

கிதாரைத் தொடுவதற்கு முன் குராமோச்சி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். பிணத்தைக் குளிப்பாட்டுகிறவர்கள்கூட இவ்வளவு பாவனை காட்டுவதில்லை.

எதிரே முக்காலியில் இவாபுச்சி. ஆயுள் முழுக்கத் துறைமுகத்தில் சங்கிலி இழுத்துக் காய்த்த கைகள் மடியில் கிடந்தன.

அவருக்கு வேண்டியது பல். கீழ்வரிசை முழுக்க.

காப்பீட்டில் கட்டிக்கொடுத்த பல்செட் சோற்றை விட்டுவிட்டு அவர் ஈறைத்தான் கடித்தது. நல்லதாக வேண்டுமென்றால் சொந்தக் காசு என்றார் டாக்டர். ஒரு வருஷமாகக் கஞ்சியும் தோஃபுவும். சாக்கே மதுக்கடையில் பக்கத்து ஆள் சுட்ட கணவாயை மெல்லும் சத்தம் கேட்டால், அவனை அறையக் கை வந்தது.

அதனால்தான் அலமாரி மேலிருந்த சிவப்பு கிதாரை இறக்கி, தூசு தட்டி, ரயிலில் ஒச்சானோமிசுவுக்குக் கொண்டு வந்தார். முதல் சம்பளத்தில் வாங்கியது. வாசிக்கத்தான் வரவில்லை.

அந்தச் சரிவு முழுக்க கிதார் கடைகள். பழைய ஜப்பான் கிதார் என்றால் குராமோச்சி. ஆசான் என்று பொருள்பட ‘சென்செய்’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. அந்தக் காதுக்கு இணையத்தில் தனி ரசிகர் கூட்டம்.

சென்செய் பாடம் எடுத்தார். மரத்தில் ஒன்றுமில்லையாம். விலையெல்லாம் தந்திக்குக் கீழே, தங்கத் தகடு போர்த்திய இந்த இரண்டு பிக்கப்பில். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அவைதான். பாதி கிதார்களில் அசலைக் கழற்றி விற்றுவிட்டுப் போலியை வைத்திருப்பார்கள். கம்பியின் நிறம், பற்றவைப்பு, காந்தம், எல்லாம் ஒப்பிட வேண்டும். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் அவசரம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை மெழுகில் முக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் அசல் பிக்கப் பக்கத்தில் தும்மினாலும் பிடித்துக்கொள்ளும். போலி மெழுகில் ஊறியது. செவிடு.

இழுப்பறையிலிருந்து ஓர் அசலை எடுத்து அருகில் வைத்து, லென்ஸ் வழியாக இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். கையுறைக்குள் விரல் ஒரு கணம் நின்றது.

“எல்லாம் விஞ்ஞானம், பெரியவரே” என்று சிரித்தார். அத்தனையும் நல்ல பல்.

கிதாரில் ஒயரைச் செருகி, மறுமுனையைக் கடை மூலையிலிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டி, சத்தத்தைத் தாராளமாகத் திருகிவிட்டார்.

“உள்ள வெச்சு ஸ்க்ரூ டிரைவரால தட்டுவேன். டொக்கு டொக்குனு இதுல வருதான்னு பாத்துச் சொல்லுங்க.”

கிதாரோடு பட்டறைக்குள் போனார். கூட்டாளி நுமாதாவும் பின்னாலேயே போனான். சத்தம் தாண்டாத கனத்த கதவு மூடிக்கொண்டது. கதவடி ரப்பரை நெளித்துக்கொண்டு ஒயர் மட்டும் வெளியே நீண்டு கிடந்தது.

டொக். டொக்.

“வருது!” என்று கத்தினார் இவாபுச்சி.

தட்டல் நின்றது. அவர் தேநீரைக் குடித்தார். பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. ஒருமுறை அதன் பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு, யாரும் உபசரிக்காமலே இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

கதவு திறந்தது. சென்செயின் முகத்தில் துக்க வீட்டுக் களை. இரு கையாலும் கிதாரை ஏந்தி வந்தார். ஒயர் இன்னும் அதன் இடுப்பில் செருகியே இருந்தது.

“மன்னிக்கணும். ரெண்டுமே மாத்துனது. மெழுகு ஊத்தி அடைச்சிருக்கு. வெறும் கையோட அனுப்ப மனசு வரல, இருபதாயிரம் யென் தர்றேன்.”

நுமாதா தலை குனிந்து வருந்தினான். நன்றாகவே வருந்தினான்; பழக்கம் இருந்தது.

இருபதாயிரத்துக்கு அரைப் பல் வரும்.

“அப்போ இது செவிடா, சென்செய்?”

“முழுச் செவிடு.”

இவாபுச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கோவிலில் குனிவதுபோல் பவ்யமாகக் கிதாரின் மேல் குனிந்து, தங்கத் தகட்டுக்கு நேரே வாயைக் கொண்டுபோனார்.

“பொக்க வாயனுக்கு இருபதாயிரமே ஜாஸ்தி, நுமாதா. நாளைக்கே நாலு லட்சத்துக்குத் தள்ளிடலாம். மூஞ்சிய மட்டும் சோகமா வெச்சுக்க.”

மூலையிலிருந்த பெட்டி அதை ஒரு சொல் விடாமல் கடை முழுக்கச் சொன்னது. இரண்டாவது முறையாக.

நுமாதாவின் முகம் இப்போது உண்மையிலேயே சோகமாக இருந்தது.