அம்பாப் பாட்டுக்கு என்ன எண்?

"மேடையில உட்கார்ந்து பாடினா சங்கீதம், கரையில வலை இழுத்துகிட்டே பாடினா மீன்வளமா? நல்லா இருக்கு மேடம் உங்க நியாயம்!"

பிரதீபா சிடிப் பெட்டியை மேஜைமேல் வைத்த வேகத்தில் பேனா ஸ்டாண்டு குதித்தது.

நூலகர் விஜயகுமாரி நிமிரவே இல்லை. "இன்னா பொண்ணு, காலங்காத்தால?"

"இது அம்பாப் பாட்டு. மீனவங்க வலை இழுக்கும்போது சேர்ந்து பாடறது. இதுக்குப் போய் 639, மீன்பிடித் தொழில்னு எண் போட்டிருக்கீங்க. நாத்து நடற பாட்டு விவசாய ரேக்குல கிடக்கு, பூச்சிமருந்துப் புத்தகத்துக்குப் பக்கத்துல! இசைக்கு 780ன்னு ஒரு எண் இருக்கறது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அது அங்கியே கீட்டும் பொண்ணு. நீ போயி நாஸ்தா துன்னுட்டு வா."

பிரதீபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூலக அறிவியல் முதுகலை படிக்கிறவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஈ.சி.ஆர். ஓரத்தில் குடியிருப்போர் சங்கம் நடத்தும் இந்த நூலகத்துக்கு, செங்கல்பட்டிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருகிறாள். எதிர்த்து வாதாடுகிறவர்களிடம் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. இந்தம்மாவுக்கு அதற்கும் வக்கில்லை. இருபது வருஷ சர்வீஸாம்!

அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஏ.சி. இசை அறை. கீர்த்தனைகள் ராகம் வாரியாக அடுக்கியிருக்கும். குடியிருப்பில் முன்பு இருந்த இன்ஜினியர் ஒருவர் குப்பம் குப்பமாக, வயல் வயலாக அலைந்து பதிவு செய்து கொடுத்த முப்பத்தாறு சிடிகளுக்கு மட்டும் அங்கே இடமில்லை. யார் குரல் இசை, யார் குரல் வெறும் தொழில் என்று தீர்மானிக்க இந்தம்மா யார்?

திங்கட்கிழமை விஜயகுமாரி லீவு. பிரதீபா நேராகச் சங்கச் செயலாளர் சம்பத்திடம் போனாள். அரை மணி நேரம் வாதாடத் தயாராகப் போனவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ரொம்ப கரெக்டும்மா! அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? இசைன்னா இசை அறையிலதான் இருக்கணும். ஒரு லெட்டர் எழுதிக் கொடு, கையெழுத்துப் போடறேன்."

எழுதிக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் முப்பத்தாறு சிடியிலும் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி, புதிதாக 780 ஒட்டி, பெட்டியோடு இசை அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஊரில் ஒரு அநியாயம் குறைந்தது என்று வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விஜயகுமாரி வந்தாள். சிடி இல்லாத ரேக்கைப் பார்த்தாள். அதில் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

'வாயே திறக்க முடியல பாரு!' என்று பிரதீபா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மீன்வள ரேக்குக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் பழகினவள்போல உட்கார்ந்தாள். கையை நீட்டியவள் ரேக்கைப் பார்த்துத் திகைத்தாள்.

"இன்னாக்கா, எங்க நைனா எங்க?"

"தமிழ்ச்செல்வி, செத்த இரு" என்றாள் விஜயகுமாரி. பிரதீபாவின் பக்கம் திரும்பினாள். "இதோட நைனா கடலுக்குப் போன மனுசன், திரும்பி வர்ல. ஒரு போட்டோ கெடையாது. நாலாம் நம்பர் சிடியில முதல் கொரலு அவரோடது. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம வந்து கேட்டுட்டுப் போவும்."

"அவ்வளவுதானே? வாங்கக்கா, இப்ப ஏ.சி.யிலயே உட்கார்ந்து கேக்கலாம்!" பிரதீபா உற்சாகமாகக் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே சம்பத் ஹெட்போனைக் கழற்றினார். தமிழ்ச்செல்வியை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? எந்த பிளாக்? மெம்பர் கார்டு இருக்கா?"

"சார், அவங்க அப்பா பாடின பாட்டு சார் அது!"

"இருக்கட்டுமே. இசைப் பிரிவு மெம்பர்களுக்கு மட்டும்தான். சங்க விதி. இது இசைன்னு நீதானேம்மா லெட்டர் எழுதிக் கொடுத்தே?"

பிரதீபா திரும்பிப் பார்த்தாள். விஜயகுமாரி மெல்லிய குரலில் சொன்னாள்.

"விவசாயம், மீன்வளம், இந்த ரெண்டு ரேக்கும் அந்தக் கம்ப்யூட்டரும் கவர்மெண்டு நிதியில வந்தது. ஊர்ல யாரு வேணா வந்து உக்காரலாம். மத்ததெல்லாம் சங்கத்துது. அதான் பாட்ட இங்க வெச்சேன். வெளிய சொன்னா இதையும் பூட்டிடுவாங்கன்னுதான் உன்னாண்டகூட சொல்லல பொண்ணு."

தமிழ்ச்செல்வி கதவுக்கு வெளியே, கண்ணாடியைத் தொடாமல் நின்றாள்.

பிரதீபா வாயைத் திறந்தாள். பட்டிமன்றம் பட்டிமன்றமாகப் பேசிய வாய்.

"சார்... நான்தான் தப்பா எண் போட்டுட்டேன்."

"அப்படின்னா?"

"இது இசை இல்ல சார். வலை இழுக்கறவங்க போடற சத்தம். மீன்வளம்தான்."

சம்பத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியை ஒரு காலால் வாசல் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தாம்மா. இதெல்லாம் எப்படி இசையாகும்? எடுத்துட்டுப் போ!"