மடியில் ஒரு ரவுண்டு

"சாவியை எங்கக்கா ஒளிச்சு வெச்சே? மரியாதையா எடுத்துக் குடு!"

பின்வாசல் படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "எந்தச் சாவிடா? வீட்டுச் சாவியா, பீரோ சாவியா?"

"புல்லு வண்டிச் சாவி. சமையல்கட்டு ஆணியில மாட்டியிருந்தேன். இப்ப ஆணி மட்டும்தான் இருக்கு."

"ஆணியாவது இருக்கே, சந்தோஷப்படு."

தம்பிக்கு ஒரு கிளப்பின் விளையாட்டு மைதானத்தில் புல்வெட்டும் வேலை. வண்டி சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் கொட்டகை, கொட்டகையை ஒட்டி அவன் வீடு. விடுமுறைக்கு மகளோடு வந்திருந்த அக்காவுக்கு, வந்து இறங்கியதிலிருந்து அவனைச் சீண்டுவதுதான் பொழுதுபோக்கு.

ஆனால் இன்றைக்கு அவன் விளையாடும் நிலையில் இல்லை. மடியில் உட்காரவைத்து மைதானத்தை ஒரு ரவுண்டு காட்டுவதாக அக்கா மகளுக்குப் போன விடுமுறையிலேயே வாக்குக் கொடுத்திருந்தான். அதற்குள் அவளுடைய சித்தப்பா ஒரு சைக்கிளை வாங்கிக் கொடுத்து முந்திவிட்டார். இந்தச் சவாரியும் நடக்காவிட்டால், அந்தக் குட்டி மனசில் தாய்மாமன் இரண்டாம் இடத்துக்கு இறங்க வேண்டியதுதான்.

"மாமா, சாவி கிடைச்சுதா?" முன்னறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். ஷூ, சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள்.

"இதோ கிடைச்சிடும்டா தங்கம்."

அவள் தலை மறைந்ததும் அக்காவின் பக்கம் குனிந்தான். "குழந்தை எத்தனை தடவை கேட்டுட்டா பாரு. உனக்கு மனசே இல்லையா?"

"மனசு இருக்கறதாலதான் சொல்றேன். போன மாசம் கிளப் தலைவரோட பேரன் ஏறி உட்கார்ந்தப்ப என்ன சொன்னே நீ?"

அவன் வெங்காயக் கூடையைக் கிளறிச் சாவியைத் தேடினான்.

"'ஒரு சீட்டு, ஒரு ஆளு. கடவுளே வந்தாலும் மடியில இடம் கிடையாது'ன்னு இறக்கி விட்டே. வீட்டுக்கு வந்து போன்ல அரை மணி நேரம் பெருமை வேற அடிச்சே."

"அது வேற. நான் பிளேடை நிறுத்திட்டுத்தான் ஓட்டப் போறேன். ஆமை மாதிரி போவேன்."

"என்ஜின் சூடு ஆறாம பெட்ரோல் ஊத்த மாட்டே. கல்லு, குச்சி பொறுக்காம புல்லுல வண்டியை விட மாட்டே. வெட்டறப்ப காக்கா நடந்து போனாக்கூட வண்டியை நிறுத்துவே. ஊருக்கெல்லாம் சட்டம், மருமகளுக்கு மட்டும் சலுகையா?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. சாவி எங்க?"

"நான் எடுக்கலைடா."

"உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

"வெங்காயம் உரிச்ச மூஞ்சிடா இது."

இவளிடம் தலைகீழாக நின்றாலும் பருப்பு வேகாது என்று அவனுக்குப் புரிந்தது. விறுவிறுவென்று கிளப் அலுவலகத்துக்கு நடந்தான். மேசை இழுப்பறையில் மாற்றுச் சாவி இருந்தது. அதை விரலில் சுழற்றியபடி ஜம்பமாகத் திரும்பி வந்தான்.

"வாங்க, வாங்க, எல்லாரும் கொட்டகைக்கு வாங்க!"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குட்டி கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டாள். தள்ளி நிற்கத் தெரிந்த குழந்தை என்று மாமனுக்கு உச்சி குளிர்ந்தது.

வண்டியில் ஏறி பிரேக்கை மிதித்து, பிளேடு சுற்றாதபடி அதன் லிவர் கீழே இருப்பதைப் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். என்ஜின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினான். ஒரு முக்கல், ஒரு முனகல், அவ்வளவுதான்.

"என்ன மாமா, ரிப்பேரா?" வாசலிலிருந்து குரல் வந்தது.

"ரிப்பேரெல்லாம் இல்லடா. தூங்கி எழுந்திருக்குது."

"ஆமாமா, காபி போட்டுக் கொண்டு வரட்டுமா வண்டிக்கு?" என்றாள் அக்கா.

பெட்ரோல் இருந்தது. பேட்டரியில் கரண்ட்டும் இருந்தது. சாவியை உருவிக்கொண்டு இறங்கி, மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஸ்பார்க் பிளக்கின் ஒயர் கழற்றப்பட்டு, ஓரமாக மடங்கிக் கிடந்தது.

"அக்கா!"

"கத்தாதே. பிளேடைத் துடைக்கறதுக்கு முன்னாடி முதல்ல அதைக் கழட்டணும், இல்லேன்னா வண்டி தானா கிளம்பி விரலை எடுத்துடும்னு நீதானே எனக்குக் காட்டினே? காலையில துடைப்பம் எடுக்க வந்தேன். அப்படியே கழட்டி விட்டுட்டேன்."

"திருடி! கையும் களவுமா மாட்டினியா? ஏமாந்தது குழந்தைதானே!" பட்டென்று ஒயரை அழுத்தி மாட்டினான். வாசலைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். "வாடா தங்கம். இனிமே உங்கம்மாவால ஒண்ணும் பண்ண முடியாது. வந்து ஏறு!"

குட்டி நகரவில்லை.

அக்காவும் இப்போது சிரிக்கவில்லை. "டேய், ஒயரை எடுத்தது நான்தான். சாவியை நான் தொடவே இல்லைடா. ஒயரைக் கழட்டினவளுக்குச் சாவி எதுக்கு?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். குட்டி மெல்லக் குனிந்து சாக்ஸுக்குள் விரலை விட்டாள். காணாமல்போன சாவியை உருவி எடுத்து, அங்கிருந்தே நீட்டினாள்.

"எனக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே பயம், மாமா. வேணாம்னு சொன்னா நீ அழுதுடுவியோன்னுதான் சொல்லல."