ஹெட்மாஸ்டர் பேசறேன்

"ஆமாம்மா, ஹெட்மாஸ்டர்தான் பேசறேன். அமிர்தமா? ஏன் தெரியாம? எட்டாவது வரைக்கும் எங்கிட்டதான் படிச்சிது. தங்கமான பொண்ணு."

ராபர்ட் செல்போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நாக்கை மடக்கி டங் டங்கென்று பள்ளிக்கூட மணி அடித்தான். பிறகு பிள்ளைகள் கத்துகிற இரைச்சல். அதுவும் அவன் வாய்தான்.

"டேய், சத்தம் போடாதீங்கடா. பெல் அடிச்சிட்டாங்கம்மா, கிளாசுக்குப் போகணும். வச்சிடட்டா?"

எதிரே நின்ற அமிர்தம் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கருத்துக் கிடந்தது.

"தப்பில்லீங்களா சார்?"

"தப்புதான். உனக்கு நெஜமா ஒரு வாத்தியாரத் தெரியும்னா சொல்லு. அவரையே பேசச் சொல்றேன்."

அவள் ஊரான அண்ணாகிராமத்தில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அவளோடு கொட்டை உடைக்கிறவர்கள். போனில் விசாரித்த செம்மங்குப்பத்துக் கம்பெனியிலோ, யாராவது உத்தியோகத்தில் இருக்கிறவர் 'இவளை எனக்குத் தெரியும்' என்று சொன்னால்தான் பேக்கிங்கில் சேர்ப்பார்கள்.

"போம்மா. திங்கக்கிழமை கூப்புடுவாங்க."

ஆள் சேர்க்கிற வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை ராபர்ட். சிதம்பரத்தில் படிக்கும்போது கலைவிழாவில் வாங்கிய கைத்தட்டலை நம்பி மெட்ராசுக்கு ரயில் ஏறினவன். எட்டு வருஷம் டப்பிங் தியேட்டர் வாசலில் நின்றான். கடைசியில் மாதா கோயில் திருவிழாக்களில் மிமிக்ரி பண்ணினதுதான் மிச்சம். இரண்டாவது குழந்தை பிறந்ததும், ரெண்டாயிரத்து அஞ்சில், மச்சான் அவனைக் கடலூரில் இந்த மேன்பவர் ஆபீசில் கொண்டுவந்து உட்கார வைத்தான். "நாலு மாசம் பாரு மாமா, புடிக்கலன்னா விட்டுடு." நாலு வருஷம் ஓடிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், வேலை அவனுக்கு வந்துவிட்டது. ஊரார் குரலையெல்லாம் கேட்டுப் பழகிய காது. எதிரே உட்கார்ந்து பத்து வார்த்தை பேசினால் போதும், இது தங்குகிற ஆளா, மூணாம் நாள் ஓடுகிற ஆளா என்று தெரிந்துவிடும். ஆனால் தங்குகிற ஆளுக்குத்தான் ஊரில் பெரிய மனுஷர் யாரையும் தெரிவதில்லை. அதனால் அவனே பெரிய மனுஷன் ஆனான். சிதம்பரத்து ஹெட்மாஸ்டருக்கு மூக்கடைப்பு, பண்ருட்டி ஹெட்மாஸ்டருக்கு இருமல்.

பத்து நிமிஷத்தில் ஆபீஸ் போன் அடித்தது. கம்பெனியின் எச்.ஆர். மேடம் மங்கலம். பிறந்த தேதியில் ஒரு அடித்தல் இருந்தாலும் ஃபாரத்தைத் திருப்பி அனுப்புகிறவள்.

"ராபர்ட் சார், இன்னிக்கு என்ன தேதி?"

"மே பன்னண்டு மேடம்."

"முழுப் பரீட்ச லீவுல எந்த ஸ்கூல்ல சார் பெல் அடிக்கறாங்க?"

எட்டு வருஷம் சான்ஸ் கிடைக்காதவன், கிடைத்த இடத்தில் கொஞ்சம் ஜாஸ்தியாக நடித்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு ஃபாரம் எங்கிட்டதான் இருக்கு. நேர்ல வாங்க."

செம்மங்குப்பம் வழியாகப் போகிற சிதம்பரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மெட்ராசில் தோற்றபோதுகூட இவ்வளவு அலுப்பு இல்லை. அமிர்தம் இந்நேரம் முந்திரி முதலாளியிடம் 'இனிமே வர மாட்டேன்' என்று சொல்லியிருப்பாள். அங்கேயும் போச்சு, இங்கேயும் போச்சு.

மங்கலத்தின் மேசைமேல் ஒரு கட்டு ஃபாரம் இருந்தது.

"எத்தினி பேருக்கு நீங்க ஹெட்மாஸ்டர்?"

"இதோட பதினேழு மேடம்."

"பதினெட்டு. ஒருத்திக்கு வி.ஏ.ஓ.வா பேசினீங்க."

ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டான். "எப்பலேருந்து தெரியும் மேடம்?"

"ரெண்டாவது ஆள்லேருந்து. எல்லா ஹெட்மாஸ்டரும் 'தங்கமான பொண்ணு'ன்னேவா சொல்லுவாங்க?"

"என் மேல கம்ப்ளெயின்ட் குடுத்துடுங்க மேடம், நான் ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ண மட்டும் விட்டுடாதீங்க. அது எங்கிட்ட பேசினதுல ஒண்ணும் பொய் இல்ல."

"பொய் சொன்னது நீங்க. அவள எதுக்கு விடணும்?"

பேனாவைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள்.

"ஹெட்மாஸ்டர் பேர அடிச்சிட்டு உங்க பேர எழுதுங்க சார்."

"எம் பேரா? நான் யாரு மேடம்? கூத்தாடியா இருந்து ஆள் புடிக்க வந்தவன். எம் பேச்சுக்கு என்ன மதிப்பு?"

"இவளுக்கு முன்னாடி, நாலு வருஷமா நீங்க குரல் குடுத்து அனுப்பின பதினேழு பேர்ல ஒருத்திகூட வேலைய விட்டுப் போவல. அந்த மதிப்பு போதாதா?"

ராபர்ட் பேனாவை வாங்கவில்லை. "நாளைக்கி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, எம் பேருதான மேடம் நிக்கும்?"

"நிக்கும். குரல மாத்திப் பேசறப்ப அந்தக் கவல இல்ல, இல்ல?"

மங்கலம் ஃபாரக் கட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"உங்க ஆபீசுக்கு வர்றது ஃபாரத்தோட முன்பக்கம் மட்டும்தான். பின்பக்கம் இங்கதான் எழுதறது. திருப்பிப் பாருங்க."

திருப்பினான். விண்ணப்பதாரருக்குப் பொறுப்பேற்கும் இரண்டாவது நபர் என்று ஒரு கட்டம். அமிர்தத்தின் ஃபாரத்தில் மை இன்னும் காயவில்லை. அடியில் இருந்ததை எடுத்தான், அதற்கும் அடியில் இருந்ததை எடுத்தான்.

பதினெட்டிலும் ஒரே கையெழுத்து: 'இவளை எனக்குத் தெரியும். என்ன நடந்தாலும் நான் பொறுப்பு. மங்கலம்.'