முகம் காட்டாத தோழன்

ஏழாவது மாடி ஜன்னல் விளிம்பில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது.

"இடதுபக்கமா இறங்குடா. வலதுபக்கம் மின்கம்பி போகுது," என்றது பறக்கும் வீரனின் காதிலிருந்த கருவி.

குழந்தையை அள்ளி அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவன் மேலெழும்பினான்.

"தோழா, முகம்கூடக் காட்டாம எத்தனை தடவை காப்பாத்தியிருக்க! அப்படியே எங்க மேனேஜரம்மாகிட்டேயிருந்தும் காப்பாத்தேன். நான் பொய் சொல்லி லீவு போடுறது தெரிஞ்சா வேலை போயிடும். சரியான சிடுமூஞ்சி!"

"அவ்வளவு மோசமா?"

"சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்கன்னு நினைப்பு அவங்களுக்கு."

"சரி சரி, நான் பாத்துக்கறேன். நீ பத்திரமா வீட்டுக்குப் போ."

மேனேஜரம்மா ஹெட்போனைக் கழற்றினார். தன் குரலை ஆண்குரலாக மாற்றும் மென்பொருளை மூடினார். மேசையில் அவன் வைத்துவிட்டுப் போன லீவு லெட்டரைப் படித்தார். பெரியப்பா இறந்துவிட்டாராம். அவரைத்தான் போன மாதமே சாகடித்துவிட்டானே!

'பெரியப்பா'வை அடித்துவிட்டு, 'சித்தப்பா' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார்.